மூடியின் உட்பக்கம்

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

இன்று கிரேன் பெட்டி. லிகிதா இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

கம்பெனியில் இதற்கு 'வீட்டு ட்ரையல்' என்று பெயர். நாங்கள் தயாரிப்பது பிள்ளைகள் தாங்களே பாகங்களைப் பூட்டி விளையாடும் பொம்மைப் பெட்டிகள். துளை போட்ட பிளாஸ்டிக் பட்டை, குட்டிக் குட்டி நட்டு போல்ட், பல்சக்கரம், ஒரு மோட்டார். புதுப் பெட்டி கடைக்குப் போகும் முன்னால் யாராவது ஒரு வீட்டுப் பிள்ளை படத்தாளைப் பார்த்து அதைத் தானே பூட்டிப் பார்க்க வேண்டும். குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கும் என்னை டிசைன் மேனேஜர் மன்சூர் சார் இதற்குப் பிடித்துக்கொண்டார். என் சாமர்த்தியத்துக்காக அல்ல, என் மகளுக்காக. பத்து வயது. வாயும் கையும் ஒரே வேகம்.

ஃபாரத்தில் நிரப்ப வேண்டியது நான்கே நான்கு: பெயர், வயது, எத்தனை நிமிடம், எந்தப் படியில் நின்றது. பெரியவர்கள் உதவக் கூடாது. வாயையும் திறக்கக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டம். பிள்ளை தப்புத் துளையில் போல்ட்டை வைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது.

"அப்பா, ஏழாவது படம் தப்பு. போல்ட்ட வெளியே இருந்து போடற மாதிரி போட்டிருக்காங்க. உள்ளாற இருந்து போட்டாத்தான் கை போவும். உங்க சார்கிட்ட சொல்லு."

நானும் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. எட்டு இன்ஜினியர்கள் பார்த்த படம் அது!

சின்னவன் மணிவேலுக்கு ஏழு வயது. அவன் ட்ரையல் எல்லாம் நட்டை மூக்கில் வைத்துப் பார்ப்பதோடு சரி. சுவாதி துடைப்பத்தோடு வந்து, "மாமா, நீ பாத்துகினுதான இருக்க?" என்றாள். என் அக்கா மகள்தான் எனக்கு மனைவி. பிறந்ததிலிருந்து என்னை மாமா என்று கூப்பிடுகிறவள், கல்யாணத்துக்குப் பிறகு அதட்டலை மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

ஃபாரம் கம்பெனிக்கு, பெட்டி எங்களுக்கு. லிகிதா மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் தேதி, பெயர், 22 நிமிடம் என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டாள். "ஃபாரம் உன்னுது. இது என்னுது" என்றாள்.

20 ஆகஸ்ட்

மன்சூர் சார் ஏழாவது படத்தை மாற்றச் சொல்லிவிட்டார். "பாப்பாவ என் சீட்டுல உக்கார வெச்சிட்டு நான் வீட்டுக்குப் போயிடறேன் சிவராஜ்" என்றார். வந்து சொன்னேன். அவளைப் பிடிக்க முடியவில்லை. சாப்பிடும்போதுகூட இன்ஜினியர் மாதிரியே உட்கார்ந்திருந்தாள்.

22 செப்டம்பர், ஞாயிறு

காற்றாலை. 24 நிமிடம். மோட்டார் ஒயரை மாட்டும்போது கொஞ்சம் தடுமாறினாள். மற்றபடி சுத்தம்.

11 அக்டோபர், ஆயுத பூஜை

மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பூசணிக்காய். பொரி கடலையோடு இந்த வருடம் ஆளுக்கொரு செம்பு வாட்டர் பாட்டில். செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று மேனேஜ்மென்டே மைக்கில் சொன்னார்கள். பாட்டிலுக்கு அக்காவும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். மூத்தவளுக்கு முதலில் என்று லிகிதாவிடம் கொடுத்தேன். மணி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிடாமல் போனான்.

10 நவம்பர், ஞாயிறு

தூக்குப் பாலம். 31 நிமிடம்.

ஒரே போல்ட்டை மூன்று முறை கீழே போட்டாள். குனிந்து எடுக்கிறாள், போடுகிறாள், மறுபடியும் டங். என் பொறுமை போய்விட்டது. "எங்க இருக்குது உன் கவனம்?" என்று கத்தினேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியை நானே மீறினேன். தீபாவளிக்கு வாங்கிய புது டிவிதான் காரணம். இனி ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது.

ஃபாரத்தில் 31 என்றே எழுதினேன். பாலம் கொஞ்சம் கஷ்டமான பெட்டிதான்.

20 நவம்பர்

ஸ்கூலிலிருந்து நாராயணம்மா மிஸ் போன் செய்தார். "சார், லிகிதா எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்குது. போன வருஷம் இவ நோட்டத்தான் நான் மத்த பசங்களுக்குக் காட்டுவேன். வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

எனக்கு மானம் போனது. வீட்டில் என்ன பிரச்சினை? ஒன்றும் இல்லை. தினமும் இரண்டு பக்கம் காப்பி எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதாமல் சோறு இல்லை.

15 டிசம்பர், ஞாயிறு

ஜேசிபி பெட்டி. இதற்காகத்தான் டிசைன் செக்‌ஷனே தூக்கமில்லாமல் கிடக்கிறது. ஜனவரியில் பெங்களூர் ஸ்கூல்களுக்குப் போக வேண்டும். மன்சூர் சார் நேற்று பஸ் ஏறும் இடம் வரை கூடவே வந்தார். "அட்டைல வயசு எட்டு பிளஸ்னு அச்சடிக்கணும் சிவராஜ். இருபத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்தாத்தான் எட்டு பிளஸ். இல்லன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பாப்பாவ நம்பித்தான் இருக்கோம்."

பாப்பா நாற்பத்தேழு நிமிடம் எடுத்தாள்.

வேண்டுமென்றே செய்கிறாளோ? நட்டைப் பிடிக்கிறாள், விரல் எங்கோ போகிறது, நட்டு எங்கோ போகிறது. நடுவில் கையை உதறிக்கொள்கிறாள். நான் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபாரத்தில் 24 என்று எழுதினேன். தலையை நீட்டிப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, நாப்பத்தேழு."

"ஒழுங்கா செஞ்சிருந்தா இருபத்திநாலுதான் ஆயிருக்கும்."

"ஆனா ஆவலயே."

"வாய மூடு."

மூடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இது பொய்யா? அவள் வேகம் எனக்குத் தெரியாதா? அவளுடைய உண்மையான வேகத்தைத்தான் எழுதினேன். இன்று அவள் காட்டியது சோம்பேறித்தனம். அதைப் போய் ஃபாரத்தில் எழுதுவார்களா?

16 டிசம்பர்

மன்சூர் சார், "சூப்பர்" என்றார்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கலுக்கு முன் ஆர்டர் முடிக்க ஞாயிறும் ஷிப்ட். திரும்பும்போது சானமாவு காட்டருகே யானைகள் ரோட்டில் நின்றதால் பஸ் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. பசி, தலைவலி. வந்ததும் டிராக்டர் பெட்டியைப் பிரித்து வைத்தேன். நாளைக்கு ஃபாரம் போக வேண்டும்.

நான்காவது படியிலேயே நின்றுவிட்டாள். கை நடுங்கியது. நன்றாகத் தெரிந்தது, நடுங்கியது. நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மணி சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அவள் அடிக்கோடு போடும் அதே ஸ்கேலை எடுத்து, புறங்கையில் மூன்று அடி.

அவள் அழவில்லை. அடிபட்ட கையை இன்னொரு கையின் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். சுவாதிதான் ஓடிவந்தாள். "இன்னொரு வாட்டி கை வெச்ச, பாத்துக்க மாமா. அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

பிறகு நானே டிராக்டரைப் பூட்டினேன். பத்தொன்பது நிமிடம். பிள்ளைக் கை என்பதால் ஐந்து கூட்டி 24 என்று எழுதினேன்.

எழுதும்போது என் கையும் கொஞ்சம் நடுங்கியது. எல்லாருக்கும் நடுங்கும்.

6 பிப்ரவரி

கேன்டீனில் மன்சூர் சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போச்சம்பள்ளி யூனிட்டிலும் ட்ரையல் நடந்ததாம். "அங்க ஒரு பொண்ணு, தஸ்லிம்னு. எட்டு வயசுதான். ஜேசிபிய பத்தொம்பது நிமிஷத்துல முடிச்சிருக்கு. உங்க பாப்பாவுக்குப் போட்டி வந்திருச்சு" என்று சிரித்தார்.

சிரித்துவைத்தேன். தட்டோடு எழுந்துவிட்டேன்.

சோம்பேறித்தனம் என்று திட்டினாலும், இத்தனை நாளாக உள்ளுக்குள் பெட்டி கஷ்டம், பெட்டி கஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டி கஷ்டமில்லை.

18 பிப்ரவரி

லிகிதா தட்டைக் கவிழ்த்துவிட்டாள். யாரும் திட்டவில்லை. அவளே பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள்.

பேச்சு இழுக்கிறது. வாயோரம் எச்சில் நிற்கிறது, அவளுக்குத் தெரிவதில்லை. ஸ்கூலில் 'குடிகாரி' என்று கூப்பிடுகிறார்களாம். மணிதான் சொன்னான். சொல்லிவிட்டு, "நான் கூப்பிடலப்பா" என்றான்.

பக்கத்து கிளினிக்கில் காட்டினோம். நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், சத்துக் குறைவு என்று சிரப் எழுதிக் கொடுத்தார். வெயில் வரப்போகிறது, தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார். செம்பு பாட்டிலை நிரப்பி நிரப்பிக் கொடுக்கிறேன்.

2 மார்ச், ஞாயிறு

புதுப் பெட்டி வந்திருக்கிறது. பிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் லிகிதா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

14 மார்ச், வெள்ளி

கம்பெனியில் குடும்பத்துக்கெல்லாம் கண் பரிசோதனை முகாம். எழுத்து மோசமானதற்குக் கண்ணாடி போட்டால் சரியாகும் என்று அழைத்துப் போனேன். கண் டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறை பார்த்தார்.

கருவிழியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம். அவர் காட்டிய பிறகு எனக்கும் தெரிந்தது. பத்து வருடமாகப் பார்க்கிற கண். நான் பார்க்கவில்லை.

"இது கண்ணு பிரச்சினை இல்லீங்க. திங்கட்கிழமையே பெங்களூர் போயிடுங்க. லீவு, ஷிப்டுன்னு தள்ளிப் போடாதீங்க."

17 மார்ச், திங்கள்

விடிகாலை பஸ். அத்திப்பள்ளி செக்போஸ்ட் வரை லிகிதா ஜன்னல் பக்கம் தூங்கினாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

நரம்பு டாக்டர் அம்மா. அவளைச் சுவர் வரை நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு வட்டம் வரையச் சொன்னார். வட்டம் வரவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "யாவாகிந்த?"

எப்போதிலிருந்து.

ஓசூரில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தை புரியாமலா இருக்கும்? புரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் தமிழிலும் கேட்டார். "ரெண்டு மாசமா" என்றேன். சுவாதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். லிகிதா பார்க்கவே இல்லை.

"அதுக்கு முன்னாடி? எழுத்துல, வேலையில, மெதுவா ஆன மாதிரி ஏதாவது?"

"இல்லீங்க. நல்லா வேகமாத்தான் இருந்தா. கம்பெனி ஃபாரத்துலகூட இருக்குது."

வாய் கூசாமல் சொன்னேன்.

"சொந்தத்துல கல்யாணமா?"

அக்கா மகள் என்றேன். அதை எழுதி இரண்டு கோடு போட்டார். குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். சுவாதியின் அண்ணன் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் போனான். அதைச் சுவாதிதான் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் துளித்துளி செம்பு இருக்கிறதாம். நம் உடம்பு அதை வெளியேற்றிவிடுமாம். இவள் உடம்புக்கு அது தெரியாது. பிறந்த நாளிலிருந்து ஈரலில் சேர்த்துச் சேர்த்து, அங்கே இடமில்லாமல் போனதும் மூளைக்கு ஏறிவிட்டது. கண்ணில் தெரியும் வளையமும் செம்புதான்.

பையிலிருந்து அந்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. "இதுலதாங்க கொடுத்தேன். அஞ்சு மாசமா."

"பாட்டிலால வந்தது இல்ல. பொறப்புலயே இருக்கு. ஆனா இனிமே இது வீட்டுலயே வேண்டாம்" என்றார்.

அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறாரா, உண்மையைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. அவளை அங்கேயே அட்மிட் செய்துகொண்டார்கள். சுவாதி கூட இருக்கிறாள். மணிக்காக நான் திரும்பி வந்தேன்.

18 மார்ச்

மருத்துவமனைக்குத் துணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தவன், செல்ஃப் மேலே அடுக்கியிருந்த பெட்டி மூடிகளை இறக்கினேன். ஏன் இறக்கினேன் என்று எனக்கே தெரியாது. தரையில் வரிசையாக வைத்தேன்.

கிரேன். 22 நிமிடம். அச்சு மாதிரி எழுத்து. அடிக்கோடு.

காற்றாலை. 24. நல்ல எழுத்துதான். அடிக்கோடு மட்டும் கொஞ்சம் கோணல்.

பாலம். 31. ஒரு எழுத்து சின்னது, ஒரு எழுத்து பெரியது. அடிக்கோடு இல்லை.

ஜேசிபி. '47. அப்பா 24 போட்டார்.'

டிராக்டர். இதைப் படிக்க எனக்கு நேரமானது. எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. 'முடியல. அப்பா செஞ்சார் 19.' அதற்குக் கீழே அடிக்கோடு போடப் பார்த்திருக்கிறாள். ஸ்கேல் இல்லாமல்.

அந்த ஸ்கேலால்தானே அடித்தேன். அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

ஐயோ, எல்லாம் இங்கேயே இருந்ததே. என் தலைக்கு மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில். பத்து வயசுப் புள்ள ஒழுங்கா எழுதி வெச்சிருக்கா. படிச்சவன், குவாலிட்டியில பன்னெண்டு வருஷம், நூறு பீஸ்ல ஒரு பீஸ் அரை மில்லி போனாக்கூட கண்டுபுடிக்கிறவன், நான் எழுதினது எல்லாம் பொய்!

என்னை யாராவது நாலு அடி அடித்தால் தேவலை. அடிக்க ஆளில்லை.

20 மார்ச், வியாழன்

மூடிகளை ஒரு கோணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். டாக்டர் அம்மாவின் மேஜையில் வரிசையாக வைத்து, "அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க" என்றேன். 24 எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். ஸ்கேலையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. ஒவ்வொரு மூடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போனில் படம் எடுத்துக்கொண்டார். காற்றாலையின் கோணல் கோட்டில் விரலை வைத்து, "செப்டம்பர்லயே ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா?"

"அத நான் சொல்ல முடியாது சிவராஜ்."

"டிசம்பர்ல வந்திருந்தா?"

அவர் மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "சின்னவனையும் கூட்டிட்டு வாங்க. ரத்தம் பாக்கணும்" என்றார்.

மணிக்கு என்ன? அவன் நன்றாகத்தானே ஓடுகிறான்.

4 ஏப்ரல், வெள்ளி

மணிக்கும் இருக்கிறது.

5 ஏப்ரல்

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

மணிக்கு ஈரலில் மட்டும்தான் சேர்ந்திருக்கிறது. மூளைக்குப் போகவில்லை. மாத்திரை ஆரம்பித்து ஆயுசு முழுக்க விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே இருப்பானாம். லிகிதாவுக்கு அப்படிச் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார்கள். அவளிடமிருந்து எவ்வளவு போயிற்று, எவ்வளவு திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

சுவாதி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். "உன்னத் தவிர யாரையும் கட்ட மாட்டேன்னு நான்தான மாமா அம்மாகிட்ட அழுதேன். நான் அழாம இருந்திருந்தா இதுங்க ரெண்டும் இப்படிப் பொறந்திருக்காதுல்ல?" அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். வேறு எதற்கும் நான் லாயக்கில்லை.

20 ஏப்ரல், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். கடலை கூடாது, முந்திரி கூடாது, சாக்லேட் கூடாது, ஈரல் கூடாது. மணி சாக்லேட்டுக்கு அழுதுகொண்டிருந்தான்.

லிகிதா ஏதோ சொன்னாள். இழுத்து இழுத்து வரும் வார்த்தை, பாதி புரியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள்.

"அவனுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாதும்மா. நீ இருந்ததாலதான் கண்டுபுடிச்சாங்க."

அவள் சந்தோஷப்படுவாள் என்று முட்டாள்தனமாக நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்போ எனக்கு யாரு இருந்தா?" என்றாள். இது மட்டும் முதல் தடவையே புரிந்தது.

25 மே, ஞாயிறு

மாத்திரை ஆரம்பித்த பிறகு இன்னும் மோசமாகிவிட்டாள். சேர்ந்திருக்கும் செம்பு கிளம்பும்போது முதலில் அப்படித்தான் ஆகும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். பயப்படாதே என்றால் எப்படி? நடக்க ஆள் வேண்டும். ஸ்பூன் வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில்.

கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி நண்பர் ஒருவர் மாம்பழம் அனுப்பியிருந்தார். சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நறுக்கி ஊட்டினேன். தாடையெல்லாம் வழிந்தது. துடைத்தேன். என் கை அவள் முகத்தருகே போனதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். அடிக்கத்தான் வருகிறது என்று உடம்பு நினைக்கிறது. நோயால் வந்ததல்ல இது. நான் கொடுத்தது.

12 ஜூன்

மன்சூர் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜேசிபி, டிராக்டர் இரண்டிலும் நான் எழுதிய நிமிடங்கள் பொய், வேலையை விட்டு எடுத்தாலும் சரி என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, "பெட்டி நல்லாத்தான் ஓடுது சிவராஜ். ஒரு கம்ப்ளைன்ட் இல்ல. புள்ளைங்க எல்லாம் இருபது நிமிஷத்துல முடிக்குதுங்க" என்றார். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும்தான பாப்பாவ நம்பியிருக்கோம்னு சொல்லி உங்கள நெருக்கினேன்" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. முடியவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது.

9 ஆகஸ்ட்

ஸ்கூலில் மணி மட்டும். நாராயணம்மா மிஸ் லிகிதாவின் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருந்த நோட்டாம். பிரிக்கவில்லை. எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

லிகிதா சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே பாத்ரூம் வரை போனாள். சுவாதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உள்ளே போனாள். நானும் பேப்பரைத் தலைகீழாகப் படித்தேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

மன்சூர் சார் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். ஃபாரம் இல்லாமல். பெரிய பெரிய கட்டைகள், ஒன்றின்மேல் ஒன்று அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதே ஒன்பது கட்டை, ஒரு வீடு. அட்டையில் '3+' என்று போட்டிருந்ததை வரும் வழியிலேயே நகத்தால் சுரண்டிவிட்டேன்.

அவள் முதலில் பார்த்தது அந்தச் சுரண்டின இடத்தைத்தான். என்னைப் பார்த்தாள். "மூணா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. "ஆமாம்மா. மூணு பிளஸ்" என்றேன்.

ஜூலையில் அவளுக்குப் பதினொன்று முடிந்தது.

கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தாலும் சரிதான். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மணியிடம் ஏதோ சொன்னாள். மணி எனக்குச் சொன்னான்: "இப்போ பத்து பத்தாம். ஆரம்பிக்கிறாளாம். நீ வாயத் தொறக்கக் கூடாதாம்."

திறக்கவில்லை. கட்டை விழுந்தது, உருண்டது, கட்டிலுக்கு அடியில் போனது. மணி எடுக்கப் போனான், முறைத்தாள், நின்றுவிட்டான். அவளே கீழே உட்கார்ந்து இழுத்தாள். இரண்டு கையாலும் ஒரு கட்டையைப் பிடித்து, முகவாயால் அழுத்தி உட்காரவைத்தாள். ஐந்தாவது கட்டையில் வெகுநேரம் நின்றாள். எனக்குக் கை பரபரத்தது. இரண்டு கைமேலும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சுவாதி வாசற்படியில் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கட்டை, கூரை. வைத்துவிட்டாள். கோணல்தான். வீடு நின்றது. யாரும் கை தட்டவில்லை.

மூடியைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். பென்சிலையும் தள்ளினாள். அவளால் இன்னும் எழுத முடியாது. ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள்.

"முப்பத்தெட்டுன்னு சொல்றாப்பா" என்றான் மணி. "சரியா எழுதுவியாம்."

எழுதினேன். எழுதியதைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். பிறகு சமையலறை ஜன்னலில் பென்சில் டப்பா பக்கமாகக் கண்ணைக் காட்டினாள். மணி போய் ஸ்கேலை எடுத்துவந்து என்னிடம் நீட்டினான்.

அதைக் கையில் வாங்க எனக்கு நேரமானது. வாங்கி, அடிக்கோடு போட்டேன்.

21.9.2025. லிகிதா. 11 வயது. 38 நிமிடம். ஐந்தாவதில் நின்றது. யாரும் உதவவில்லை.